புது வருஷப் பின்னல் இலக்கு: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜனவரி பிறந்தால் பின்னல் தெரிந்தவர்கள் பலரும் ஏதாவது ஒரு இலக்கு வைத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒன்று வீதம் பன்னிரண்டு உருப்படி, தினம் இரண்டு வரிசை பின்னி வருஷக் கடைசியில் ஒரு போர்வை, மகனுக்கு ஒரு முழு ஸ்வெட்டர், பீரோவில் கிடக்கும் உல்லனைத் தீர்ப்பது, பாதியில் விட்டதை முடிப்பது, புதிதாக ஒரு வேலைப்பாடு கற்பது. கேட்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவற்றில் ஒன்று 40 மணி நேரத்தில் முடியும், இன்னொன்று 160 மணி நேரத்துக்கு மேல் கேட்கும். அந்த வித்தியாசம் தெரியாமல் இறங்கினால் பங்குனி வெயிலுக்கு முன்பே ஊசி அலமாரிக்குப் போய்விடும்.

நிட், பர்ல் என்னும் இரண்டு அடிப்படைப் பின்னல்களும் கைக்கு வந்து, ஒரு மஃப்ளரோ ஸ்கார்ஃபோ முடித்தவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அவர் தமிழ்நாட்டில் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்கிறேன். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி இடங்களை விட்டால் நமக்குக் கம்பளி உடுத்தும் குளிர் கிடையாது. குளிர்நாட்டுக்காரர்களின் இலக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், பின்னி முடித்ததைப் போட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது.

முதலில் நேரக் கணக்கு. நிதானமான கை நிமிடத்துக்கு 25 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) பின்னும், மணிக்கு 1,500. நெதர்லாந்தைச் சேர்ந்த மிரியம் டேகல்ஸ் 2006-ல் ஒரே நிமிடத்தில் 118 கண்ணி பின்னி கின்னஸில் இடம்பிடித்தார். நமக்கு 25 போதும். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வருஷத்துக்கு 182 மணி நேரம் வருகிறது. பொங்கல், பிள்ளைகள் பரீட்சை, வைகாசிக் கல்யாணங்கள், உள்ளங்கை வியர்த்து அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் ஊசியில் நகராமல் ஒட்டிக்கொள்ளும் கத்திரி நாட்கள் எல்லாம் போனால் 100 மணி நேரம் மிஞ்சும். அது கிடைத்தாலே நல்ல வருஷம். கீழே வரும் ஒவ்வொரு இலக்கையும் இந்த 100 மணி நேரத்தோடு வைத்துத்தான் பார்க்கிறேன்.

எண்ணிக்கை இலக்கு

பின்னுபவர்களுக்காக 2007-ல் தொடங்கிய ராவல்ரி இணையதளத்தில் வருஷத்துக்கு இத்தனை உருப்படி என்று எண் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. பலர் 12 என்று போடுவார்கள். மாதம் ஒன்று என்னும் யோசனை அதைவிடப் பழையது. அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் எழுத்தாளர் எலிசபெத் சிம்மர்மேன் 1974-லேயே ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வேலையை வகுத்துக் கொடுத்தார். அவர் மாதங்களைச் சமமாக நடத்தவில்லை. கடுங்குளிர் ஜனவரிக்குக் கனமான ஸ்வெட்டரையும், ஊர் சுற்றும் ஜூலைக்கு ரயிலில் உட்கார்ந்தும் பின்ன வசதியான சால்வையையும் வைத்தார். இன்றைக்கு எண் மட்டும் குறிப்பவர்கள் இந்தப் பக்குவத்தை விட்டுவிடுகிறார்கள்.

காலுறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை இலக்குக்காரர்களின் செல்லப் பொருள் அதுதான். சுற்றுக்கு 64 கண்ணி வைத்துப் பின்னும் ஒரு பெரியவர் காலுறையில் கணுக்கால், குதிகால், பாதம், விரல்நுனி எல்லாம் சேர்ந்து 10,000 கண்ணிக்கு மேல் வரும். ஜோடிக்கு ஏறக்குறைய 14 மணி நேரம். பன்னிரண்டு ஜோடிக்கு 165 மணி நேரம். நம் 100-ல் இது அடங்காது. தவிர, கம்பளியும் நைலானும் கலந்த காலுறை நூல் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. சாதா அக்ரிலிக்கில் பின்னினால் நம் வெயிலில் கால் புழுங்கிவிடும்.

எண்ணிக்கையில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேறு. எண்ணை எட்ட வேண்டும் என்றால் கை தானாகவே தெரிந்ததையும் சின்னதையும் தேடிப்போகும். ஆடி, ஆவணி வரும்போது நான்கு உருப்படி பின்தங்கியிருப்பீர்கள். அப்போது புதிதாக ஒன்றைக் கற்கத் துணிய மாட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்னக்கூடிய அதே தொப்பியை இன்னொரு நிறத்தில் தொடங்குவீர்கள். வருஷக் கடைசியில் பன்னிரண்டு தொப்பி இருக்கும், கைத்திறன் ஜனவரியில் இருந்த இடத்திலேயே இருக்கும். எதையும் முடிக்காத பழக்கம் உள்ளவருக்கு மட்டும் இந்த இலக்கு மருந்து. அவரும் 12 என்று வைக்காமல் 5 என்று வைப்பது நல்லது.

தினம் இரண்டு வரிசை: வெப்பநிலைப் போர்வை

இது மிக அழகான யோசனை. அதனாலேயே நிறைய பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம். தினம் அந்த நிறத்தில் இரண்டு வரிசை. டிசம்பர் 31-ல் ஒரு வருஷத்தின் வானிலை போர்வையாகக் கையில் இருக்கும். இதே முறையில் ஜெர்மனியில் மூனிக் அருகே ஒரு பெண்மணி 2018 முழுக்க ரயில் தாமதத்தைப் பின்னினார். ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் சாம்பல் நிறம், அரை மணி நேரம் வரை இளஞ்சிவப்பு, அதற்கு மேல் சிவப்பு. 2019 ஜனவரியில் அந்த ஸ்கார்ஃப் 7,550 யூரோவுக்கு ஏலம் போய், பணம் தர்ம காரியத்துக்குச் சேர்ந்தது. தினசரி வாழ்க்கையின் ஒரு துளியை நூலில் ஏற்றிவைக்கும் ஆசை யாருக்கும் வரும்.

வேலையின் அளவைப் பாருங்கள். 4 மி.மீ. ஊசியில் 200 கண்ணி ஏற்றினால் 90 செ.மீ. அகலம். இரண்டு பக்கமும் நிட் மட்டும் போடும் கார்ட்டர் பின்னலில் தினம் இரண்டு வரிசை பின்னினால் 365 நாளில் நீளம் 180 செ.மீ. வரும். மொத்தம் 1,46,000 கண்ணி, ஏறக்குறைய 97 மணி நேரம். நம் 100 மணி நேரமும் இதற்கே போய்விடும். தினம் என்று பார்த்தால் 16 நிமிடம்தான், லேசாகத் தெரியும். ஊருக்குப் போய் பத்து நாள் விட்டுப்போனால் 4,000 கண்ணி பாக்கி விழும். இரண்டு மணி நாற்பது நிமிடக் கடன் அது. வட்டி மாதிரி அது மனதில் ஏறிக்கொண்டே இருக்கும். நிறம் மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நூல் நுனிகள் வேறு தொங்கும். தினம் நிறம் மாறினால் 700-க்கு மேற்பட்ட நுனிகளை ஊசியில் கோத்து மறைக்க வேண்டும். அந்தந்த வாரத்து நுனிகளை அந்த ஞாயிற்றுக்கிழமையே மறைத்துவிடாதவர்கள் டிசம்பரில் போர்வையை அப்படியே மடித்துவைத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு வண்ண அட்டவணை நம் ஊருக்கு ஒத்துவராது. அங்கே 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு நிறம் என்று பிரிப்பார்கள். அது ஐந்தரை டிகிரி செல்சியஸ். சென்னையின் பகல் வெப்பம் ஜனவரியில் 29, 30 இருக்கும். மே மாதத்தில் 37, 38. நடுவில் வாரக்கணக்கில் 33, 34, 35 என்றே நிற்கும். அவர்கள் அட்டவணைப்படி பின்னினால் போர்வை முழுக்க மூன்றே நிறம்தான். இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் என்று பிரித்தால் ஏழெட்டு நிறம் வரும், கண்ணுக்கும் நன்றாக இருக்கும். 34 முதல் 36 வரைக்கான நிறம் மற்றவற்றைவிட அதிகமாகச் செலவாகும் என்பதால் அதை முதலிலேயே இரண்டு மடங்கு வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கினால் சாய லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதி, மாறிவிடும். லேபிளில் நிற எண் ஒன்றாகவே இருந்தாலும் பக்கத்தில் வைத்துப் பின்னினால் கோடு விழுந்த மாதிரி தெரியும். 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டது. அப்படி ஒரு நாள் வந்தால் அதற்கென்று தனி நிறம் ஒன்று கையில் இருக்கட்டும்.

சென்னைக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மழைப் போர்வை. மழை இல்லாத நாளுக்கு மணல் நிறம், தூறலுக்கு வெளிர் நீலம், நல்ல மழைக்கு நீலம். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.5-க்கு மேல் அதி கனமழை என்று வகுத்திருக்கிறது. அந்த மூன்றுக்கும் மூன்று அடர் நிறம். வருஷத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, இடையில் வெப்பச்சலன மழைக்கு நீலக் கீற்றுகள் வந்து, ஐப்பசி கார்த்திகையில் நீலம் குவியும். வடகிழக்குப் பருவமழை ஊரின் படம் அப்படியே வந்துவிடும். பல மாதங்களுக்கு நிறம் மாற்ற வேண்டியதில்லை என்பதால் நுனிகளும் குறையும். 100 மணி நேரத்தையும் ஒரே பொருளுக்குக் கொடுக்கச் சம்மதம் என்றால் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பின்னலில் இதனால் கற்பது மிகக் குறைவு என்பதும் தெரிந்திருக்கட்டும். முதல் வாரத்தில் தெரிந்ததேதான் கடைசி வாரத்திலும் தெரியும்.

ஒரே ஒரு பெரிய ஸ்வெட்டர்

டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மகனுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கைக்கு, நீலகிரியில் இருக்கும் அம்மாவுக்கு. நம் ஊரில் ஸ்வெட்டர் பின்னுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு ஊரில்தான் இருக்கிறது. பெரியவர் அளவு ஸ்வெட்டரில் ஏறக்குறைய 60,000 கண்ணி. 40 மணி நேரம். 100-ல் சுலபமாக அடங்கும். ஆனால் இலக்கு முழுவதும் ஒரே உருப்படியில் தொங்குகிறது. அளவு தவறினால் 40 மணி நேரமும் போச்சு.

அளவு தவறுவது எப்படி என்று பாருங்கள். 100 செ.மீ. மார்புச் சுற்றுக்கு, 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று கணக்கிட்டு 220 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை தளர்ந்து 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால் ஸ்வெட்டர் 110 செ.மீ. ஆகிவிடும். ஒரு சைஸுக்கு மேல் வித்தியாசம். அதனால் 15 செ.மீ. சதுரத்தில் ஒரு சோதனைத் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.யை அளக்காமல் தொடங்கவே கூடாது. பிறகு அளவு: ஆளை அளக்காதீர்கள். அவருக்குப் பிடித்து உடுத்தும் ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். ஊசி வாங்கும்போதும் கவனம். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் புழக்கம். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 10 நம்பர் என்று கேட்டால் 3.25 மி.மீ. ஊசி தருவார்கள். அமெரிக்கப் பேட்டர்னில் (வரிசை வரிசையாகப் பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பில்) 10 என்று போட்டிருந்தால் அது 6 மி.மீ. எப்போதும் மி.மீ.யில் கேளுங்கள்.

உடம்பின் சுற்றளவுக் கண்ணியை 100 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாகச் சொன்னதும் சிம்மர்மேன்தான். மணிக்கட்டுக்கு 20, மேல்கைக்கு 33, கழுத்துக்கு 40. இந்த மூன்று எண்ணும் தெரிந்தால் பேட்டர்னே இல்லாமல் ஒரு ஸ்வெட்டரை யோசிக்கலாம். அந்த விடுதலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் கழுத்து குறைப்பது, கை இணைப்பது, விளிம்பில் கண்ணி எடுப்பது எதுவும் தெரியாதவர் முதல் இலக்காக இதை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இந்த மூன்று வேலைகளையும் முதன்முதலாக ஒரே உருப்படியில், அதுவும் ஒருவர் ஆசையாகக் காத்திருக்கும் உருப்படியில், செய்து பார்ப்பது மனதுக்கு பாரம்.

இருப்பைத் தீர்ப்பது, பாதியில் நிற்பதை முடிப்பது

இவை இரண்டையும் வருஷ இலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. மார்கழி விடுமுறையில் ஒரு வாரம் போதும். எல்லா நூலையும் எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, கிராமில் எழுதிவையுங்கள். லேபிள் போன உருண்டைகளில் ஒரு இழையை இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசினுக்கு மேலே வைத்து எரித்துப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வந்து சாம்பல் உதிரும். பருத்தி காகிதம் எரிவது போல எரியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக உறையும். கம்பளி இருந்தால் அதை முதலில் செலவழியுங்கள். ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதும் பூச்சி அரிப்பதும் அதைத்தான். லூதியானா அக்ரிலிக் எத்தனை வருஷமானாலும் அப்படியே கிடக்கும், அவசரமில்லை.

"இந்த வருஷம் புது நூலே வாங்க மாட்டேன்" என்று சபதம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தைச் சட்டைக்கு மென்மையான பருத்தி வேண்டியிருக்கும்போது, கையில் இருக்கிறதே என்று சொரசொரப்பான அக்ரிலிக்கில் பின்னிவிடுவார்கள். நூல் தீர்ந்துவிடும், குழந்தை அதைப் போட்டுக்கொள்ளாது.

பாதியில் நின்ற வேலைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பின்னல் பாக்கி இருக்காது. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் முடிந்திருக்கும். இணைத்துத் தைக்கும் வேலைதான் நிற்கும். அதற்கு இரண்டு சாயங்காலம் போதும். ஊசியிலேயே மாதக்கணக்கில் நின்ற துண்டாக இருந்தால், ஊசியில் இருக்கும் வரிசையைப் பிரித்துவிட்டுத் தொடருங்கள்; அந்தக் கண்ணிகள் இழுபட்டு, முடித்த பிறகும் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். இத்தனை நாளில் கையின் இறுக்கமும் மாறியிருக்கலாம் என்பதால், ஐந்தாறு வரிசை பின்னி அளந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தானத்துக்குப் பின்னுவது

2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டரில் கொக்கி ஊசியால் பின்னிய ஒரு குரோஷாப் போர்வை கின்னஸ் சாதனை ஆனது. பல ஊர்களில் இருந்து பெண்கள் தங்கள் பங்கைப் பின்னி அனுப்ப, இங்கே சேர்த்து இணைத்தார்கள். சிறிய பங்கு, பொது நோக்கம் என்றால் நம் ஊரில் கை கொடுக்க ஆள் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. தனியாகப் பின்னுபவருக்கும் வழி இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பில் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் போடச் சொல்கிறார்கள். உடம்புச் சூடு தலை வழியாகப் போய்விடும் என்பதுதான் காரணம். அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவில் முதலில் போய்க் கேட்டுவிட்டுப் பின்னுங்கள். அவர்களுக்கு எந்த நூல் ஏற்றது, எந்தச் சூட்டில் துவைப்பார்கள், என்ன அளவு வேண்டும் என்பது செவிலியருக்குத்தான் தெரியும். பொத்தான், ரிப்பன், முத்து எதுவும் வேண்டாம். நிறைமாதமாகப் பிறந்து வீட்டுக்கு வந்துவிட்ட குழந்தைக்கு நம் வெயிலில் தூங்கும்போது தொப்பி போடாமல் இருப்பதே நல்லது.

நான் தேர்ந்தெடுப்பது: சின்ன அளவில் முழு உடுப்பு

புதிய வேலைப்பாடு கற்பது என்ற இலக்குதான் என் தேர்வு. ஆனால் அதைப் பெரும்பாலோர் வைக்கும் விதத்தில் வைக்காதீர்கள். "இந்த வருஷம் கேபிள் கற்பேன்" (கயிறு முறுக்கிய மாதிரி தெரியும் வேலைப்பாடு அது) என்று எழுதிவிட்டு, வீடியோ பார்த்து, ஒரு சதுரத் துண்டு பின்னிப் பார்த்து அதோடு விட்டுவிடுவார்கள். துண்டில் கற்றது கையில் தங்காது. போட்டுக்கொள்ளும் பொருளில் கற்றால்தான் தங்கும். அந்தப் பொருள் குழந்தை அளவில் இருக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் கார்டிகனில் 12,000 கண்ணிதான் வரும். எட்டு மணி நேரம், 100 கிராமுக்குச் சற்றுக் கூடக் குறைய நூல். பெரியவர் ஸ்வெட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் வேலைகளில் ஒன்றும் குறையவில்லை: நிட்டும் பர்லும் மாறிமாறி வந்து இழுத்தால் விரியும் ரிப் விளிம்பு, அக்குள் பிரிப்பு, தோள் குறைப்பு, கை, விளிம்பில் கண்ணி எடுத்துப் பட்டி பின்னுவது, பொத்தான் துளை எல்லாம் அதில் இருக்கின்றன. தவறினால் எட்டு மணி நேரம்தான் நஷ்டம். பெரும்பாலும் அது நஷ்டமும் ஆகாது. கழுத்து கொஞ்சம் அகலமாகிவிட்ட கார்டிகனையும் வேறொரு குழந்தை போட்டுக்கொள்ளும். குழந்தைத் தொப்பிக்கு 3,500 கண்ணி, இரண்டரை மணி நேரம், 30 கிராம் நூல்.

காலாண்டுக்கு ஒரு வேலைப்பாடு. ஒவ்வொன்றையும் முதலில் ஒரு தொப்பியில் பழகி, பிறகு ஒரு கார்டிகனிலோ கை இல்லாத சட்டையிலோ பின்னுவது. நான்கு காலாண்டுக்கும் சேர்த்து 42 மணி நேரம். ஒரே ஒரு பெரியவர் ஸ்வெட்டரின் நேரம்தான் இது. மிச்சமுள்ள 58 மணி நேரத்தில் பிரித்துப் பின்னலாம், தானத்துக்குப் பின்னலாம், கை வலித்தால் விட்டுவிடலாம். வீட்டில் கிடக்கும் அரை உருண்டை, முக்கால் உருண்டை நூல்களும் இதிலேயே தீர்ந்துவிடும்.

எந்த வேலையை எந்தக் காலாண்டில் வைப்பது என்பதை நம் பருவத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தை, மாசியில் கை வியர்க்காது. இரண்டு முனைகளை வளையும் இழையால் இணைத்த சர்க்குலர் ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னுவதையும் உச்சியில் குறைப்பதையும் அப்போது கற்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பருத்தி நூல். திருப்பூர் நமக்குப் பக்கத்தில் இருப்பது வரம். பருத்தி மிருதுவாகக் கையில் ஓடும், ஆனால் அதற்குத் துள்ளல் கிடையாது. ரிப் போட்டால் இரண்டு துவைப்பில் தளர்ந்துவிடும். அதனால் ரிப் இல்லாத, விளிம்பில் கார்ட்டர் வைத்த கை இல்லாத சட்டை பின்னுங்கள். கண்ணி எடுப்பதும் பொத்தான் துளையும் அதில் பழகும். குழந்தையின் தலை உடம்பைப் பார்க்கப் பெரியது. நான் மேலே சொன்ன 40 சதவீதக் கழுத்து குழந்தைக்குப் போதாது, தோளில் ஒரு பொத்தான் திறப்பு கட்டாயம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கேபிள். மூன்று கண்ணியைச் சின்ன ஊசியில் ஏற்றி முன்னால் நிறுத்திவைத்து, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு நிறுத்தியதைப் பின்னினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். கேபிள் துணியை உள்ளே இழுக்கும் என்பதால் சாதாரணக் கணக்கைவிடக் கண்ணி கூட வைக்க வேண்டும். அக்டோபருக்குப் பிறகு மழை. துவைத்த பருத்திப் பின்னல் இரண்டு மூன்று நாள் காயாது. அப்போது அக்ரிலிக்கில் இரண்டு நிறப் பின்னலைத் தொப்பியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஓடும் நூல்களில் குழந்தையின் விரல் மாட்டும், அதனால் கைப்பகுதிக்கு அது ஆகாது. அந்தக் காலாண்டின் இரண்டாவது உருப்படியையும் இன்னொரு தொப்பியாகவே வைத்துக்கொள்ளலாம். அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். இழை இளகித் தொங்கிவிடும், மீளாது.

கற்றுவிட்டோமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வீடியோ பார்க்காமல் செய்ய முடிகிறதா என்பது ஒரு பரீட்சை. அதைவிடக் கடினமான, எனக்கு முக்கியமாகப்படும் பரீட்சை, தவறியதைப் பிரிக்காமல் சரிசெய்வது. ஊசியில் இருந்து ஒரு கண்ணி நழுவி நான்கு வரிசை கீழே போய்விட்டது என்று வையுங்கள். நழுவிய இடத்தில் குறுக்கே நான்கு நூல்கள் ஏணிப்படி போலத் தெரியும். பதறி இழுக்காமல், நிட் பக்கம் உங்களைப் பார்க்கப் பிடித்து, குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக விட்டு, மிகக் கீழே உள்ள படியைக் கொக்கியில் மாட்டிக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். ஒரு வரிசை ஏறிவிட்டது. அதே மாதிரி அடுத்த படி, அதற்கடுத்த படி. மேலே வந்ததும் கண்ணியின் வலக்கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்கும்படி ஏற்றிவிட்டால் முறுக்கு விழாது. இதைச் செய்யத் தெரிந்தவர் பின்னலைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர். அதற்குப் பிறகு எந்தப் பேட்டர்னும் பயமுறுத்தாது. முதல் காலாண்டுத் தொப்பியில் வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டுப் பழகுங்கள் என்று கற்றுக்கொள்பவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

எல்லோருக்கும் இதே தேர்வு பொருந்தும் என்று சொல்லவில்லை. கார்டிகன் இரண்டு மூன்று முடித்தவர் பெரியவர் ஸ்வெட்டருக்குப் போகலாம். நூல் முழுவதையும் ஒரே சாய லாட்டில், கணக்கைவிட ஒரு உருண்டை கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் புரட்டாசிக்குள் முடியும்படி நாள் வையுங்கள், அங்கே குளிர் நமக்கு முன்பே வந்துவிடும். வேலைக்குப் போய்வந்து களைத்த மனதுக்கு யோசிக்காமல் பின்ன ஏதாவது வேண்டும் என்பவருக்கு மழைப் போர்வை. ஒன்றையும் முடித்துப் பார்க்காதவருக்கு ஐந்து உருப்படி. மற்றவர்கள் ஜனவரி முதல் வாரத்தில் 72 கண்ணி ஏற்றி, 4 மி.மீ. சர்க்குலர் ஊசியில், வெளிர் நிறத்தில் ஒரு குழந்தைத் தொப்பியைத் தொடங்கலாம். கறுப்பும் கருநீலமும் வேண்டாம். கற்கும் காலத்தில் ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.